பசுமைக்கு யார் கணக்குக் கொடுப்பது?

மழைக்காலத்தில் தேவாலாவுக்கு வருகின்ற உறவினரும் நண்பரும் பேருந்தைவிட்டு இறங்கியதும் சொல்லுகின்ற முதற்சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன பசுமை!" தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தமிழகத்தின் மிகுதியான மழைப்பதிவுகளுள் நம் ஊரின் பெயர் அடிக்கடி இடம்பெறுவதை நாளேடுகளில் காண்கின்றோம். அந்த மழையில் தேயிலைச் சரிவுகளும் சாலையோரப் புதர்களும் ஓட்டுக்கூரையின் பாசியுங்கூடப் பச்சை பூத்து நிற்கின்றன. வந்தவர் வியப்பதில் தவறில்லை.

ஆனால் இங்கேயே வாழ்கின்ற நமக்கு அந்தப் பசுமையின் அடியில் கிடப்பது என்னவென்றும் தெரியும். 1879-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெயர்பெற்ற சுரங்க வல்லுநர் பிரௌ ஸ்மித் இப்பகுதிக்கு வந்து ஆய்வு நடத்தினார். அதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் தேவாலாவையும் பந்தலூரையும் சுற்றித் தங்கம் கொழிப்பதாகச் சொல்லி இலண்டனில் பல கம்பெனிகள் பங்குகளை விற்றன. மலை குடையப்பட்டது, பாறை நொறுக்கப்பட்டது, பொடியிலிருந்து பொன்னைப் பிரித்தெடுக்கப் பாதரசம் கலக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் நொடித்துப்போயின. குழிகள் மட்டும் நின்றுவிட்டன. அக்குழிகளின் வாயைப் புதர் மூடியிருக்கின்றது. பொன் துகளைத் தேடி அவற்றுள் இறங்கி உயிரிழந்த ஏழைகளின் செய்தி இன்றும் அவ்வப்போது நம் செவிக்கு எட்டுகின்றது. பச்சையாய் இருப்பதெல்லாம் நலமாய் இருக்கின்றது என்று எண்ணிவிடக் கூடாது என்பதை இந்த மண் நமக்கு நெடுநாளாகக் கற்பித்து வருகின்றது.

இந்நினைவுகள் எழக் காரணமாயிருந்தது ஓர் இளைஞரின் கேள்வி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்துக் கூலி போதாமையால், மலையின் மேற்பகுதியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலைக்குச் சென்றிருந்தார். விடுமுறையில் ஊர் வந்தபோது நம்மைக் காண வந்தார். பேச்சினிடையே தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை என்னுடையது. அடித்த மறுநாள் நல்ல மழை பெய்தால், அந்த மருந்தெல்லாம் எங்கே போகும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஓடைக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன. நான் செய்வது தப்பா?"

நாம் உடனே விடை சொல்லவில்லை. எளிதாய்ச் சொல்லக்கூடிய விடைகள் இரண்டு இருந்தன. 'அது பணக்காரர் விளையாட்டு. விட்டுவிட்டு வா' என்பது ஒன்று. 'முதலாளி சொன்னதைச் செய்கிறாய், உனக்கென்ன பொறுப்பு?' என்பது மற்றொன்று. இரண்டுமே அவருடைய மனச்சான்றுக்கு நேர்மையான விடைகளாகத் தோன்றவில்லை. ஆகவே கேள்வியைச் சற்று ஆழ்ந்து நோக்கிப் பார்ப்போம்.

நீலகிரியில் கோல்ஃப் புதிதாய் வந்ததன்று. உதகையின் ஜிம்கானா கழகத்து மைதானமும், குன்னூரை அடுத்த வெல்லிங்டன் மைதானமும் ஆங்கிலேயர் காலத்தின் எச்சங்கள். உதகையைச் சுற்றி விரிந்து கிடந்த புல்வெளிக்கு அன்றைய சென்னை ஆளுநர் வென்லாக் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். வந்தவர்களுக்கு அது தம் நாட்டு மேய்ச்சல் வெளியை நினைவூட்டியது. குதிரையேறி நரி வேட்டையாடவும் பந்தடிக்கவும் ஏற்றதெனக் கண்டார்கள். தோடர்களுக்கோ அது எருமை மேயும் இடம். கோயிலுக்கும் வீட்டுக்கும் கூரை வேயும் புல் கிடைக்கும் இடம். வழிபாட்டோடு பிணைந்த இடம். சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்த அந்த மேட்டுநிலம், மழைநீரை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல ஓடைகளுக்குக் கொடுத்து வந்தது.

பின்வந்தவர் கண்ணுக்குப் புல்வெளி வெறுந்தரையாகத் தெரிந்தது. வெறுந்தரைதானே என்று ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் அதன்மேல் பரப்பினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயு என்னும் புல்லும் பாய்போலப் பரவி உள்நாட்டுப் புற்களை நெருக்கியது. நீலகிரி நெட்டைக்காலி என்றொரு சிறு பறவை உண்டு; தென்னிந்திய மலையுச்சிப் புல்வெளிகளையன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. அதன் வீடு இவ்வாறு சிறுத்துப்போனது. மலையைப் பசுமையாக்குகின்றோம் என்ற நல்லெண்ணத்தோடு செய்த செயலே மலையின் ஊற்றுக்கண்களை நலிவுறச் செய்தது என்றால், நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

உலகில் இவ்விளையாட்டைக் குறித்து எழுந்த கருத்துகள் இரு துருவங்களாய் நிற்கின்றன. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாளை, ஆசிய நாடுகளின் சூழல் ஆர்வலர்கள் முன்னின்று 'கோல்ஃப் இல்லா உலக நாள்' என அறிவித்தார்கள். காடழித்தும் உழவர் நிலத்தைப் பறித்தும் மைதானங்கள் பெருகிய காலம் அது. மெக்சிகோ நாட்டின் தெபோஸ்த்லான் ஊர் மக்கள் 1995-இல், தங்கள் தண்ணீரைக் குடித்துவிடும் என்று அஞ்சி ஒரு கோல்ஃப் திட்டத்தை எதிர்த்து எழுந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் போராடச் சென்றவர்களுள் ஒருவர் உயிரிழந்த பின்னரே அத்திட்டம் கைவிடப்பட்டது. புல்லுக்காகவும் மனித உயிர் போகும் என்பதை அன்று உலகம் கண்டது.

மறுபுறம், 1991-இல் அமெரிக்காவில் ஆடுபன் பன்னாட்டு நிறுவனம், கோல்ஃப் மைதானங்களைப் பறவைகளுக்கும் உயிரினங்களுக்கும் புகலிடமாக மாற்றும் திட்டமொன்றைத் தொடங்கியது. நீர்ச் சிக்கனம், நச்சு மருந்துக் குறைப்பு, உயிரினப் பாதுகாப்பு ஆகியவற்றில் தேர்ச்சி காட்டும் மைதானத்துக்கு அது சான்றளிக்கின்றது. அப்படியானால் மைதானம் நன்மையா, தீமையா? 'எப்படிப் பேணப்படுகின்றது என்பதைப் பொறுத்தது' என்று சொல்லிவிடலாம். அது உண்மையே. ஆயினும் எப்படிப் பேணுவது என்பதன் உள்ளே நுழைந்து பார்த்தாலொழிய அவ்விடையால் பயனில்லை.

பதினெட்டுக் குழிகள் கொண்ட மைதானம் பொதுவாக 120 முதல் 200 ஏக்கர் வரை பரந்திருக்கும். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பந்து உருளுவதற்கென்று ஒரு திட்டு உண்டு. அதை ஆட்டக்காரர்கள் 'கிரீன்' என்கின்றார்கள். அத்திட்டுகள் அனைத்தையும் கூட்டினாலும் மூன்று நான்கு ஏக்கரைத் தாண்டுவது அரிது. ஆனால் மருந்தும் உரமும் கவலையும் மிகுதியாய்ச் செலவாவது அங்கேதான். காரணம் எளியது. கிரீனின் புல்லை நான்கு மில்லிமீட்டர் அளவுக்கும் குறைவாக வெட்டுகின்றார்கள். இலை குறுகியதால் வேரும் குறுகுகின்றது. வேர் குறுகியதால் நாள்தோறும் நீர் தேவைப்படுகின்றது. ஈரம் நிலைத்ததால் பூஞ்சை பிடிக்கின்றது. பூஞ்சைக்கு மருந்து, மருந்தால் மண்ணுயிர் சாக, மீண்டும் உரம். கண்ணுக்கு மிக ஆரோக்கியமாய்த் தோன்றும் புல் உண்மையில் ஓயாத சிகிச்சையில் கிடக்கும் நோயாளியாகும்.

அந்தச் சிகிச்சையின் வரலாறும் கசப்பானது. அமெரிக்காவில் 1990-களின் தொடக்கம் வரையிலும் பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லிகள் கோல்ஃப் புல்லின்மேல் தெளிக்கப்பட்டு வந்தன. டயசினான் என்னும் பூச்சிக்கொல்லி தெளித்த புல்லைத் தின்ற வாத்துக்கள் 1984-இல் நியூயார்க் அருகே நூற்றுக்கணக்கில் மடிந்தன. 1988-இல்தான் அம்மருந்தை மைதானங்களில் பயன்படுத்தத் தடை வந்தது. பொன்னைப் பிரிக்க இங்கே பயன்பட்ட அதே பாதரசம், புல்லைப் பச்சையாய் வைக்க அங்கே பயன்பட்டிருக்கின்றது. ஒருவர் தேடியது மஞ்சள் நிறம். மற்றவர் தேடியது பச்சை நிறம். இருவருமே நீரோட்டத்தின் கீழே இருப்பவரை நினைக்கவில்லை.

நம் மாவட்டத்தில் இந்த நினைவு பெரிதும் தேவைப்படுகின்றது. தேவாலாவில் விழும் மழை மேற்கே இறங்கிச் சாலியாற்றோடு கலந்து அரபிக்கடலைச் சேர்கின்றது. உதகை மேட்டின் நீரில் பெரும்பகுதி மாயாறு, பவானி வழியாகக் காவிரிக்குப் போகின்றது. நீலகிரியில் ஒருவர் கீழே ஊற்றுவதை ஈரோட்டிலோ நிலம்பூரிலோ ஒருவர் குடிக்க நேரிடலாம். மலைமேல் வாழ்வதென்பது பிறருடைய தண்ணீர்ப் பானையின் வாயருகே வாழ்வதாகும்.

இனி, பொறுப்போடு பேணுவதென்றால் என்ன? அறிந்தோர் வகுத்துள்ள முறைகள் பெரும்பாலும் எளியவை. மண்ணைச் சோதித்த பின்னரே உரமிடுதல்; நோய் கண்ட இடத்தில் மட்டும் மருந்திடுதல்; மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போடுதல்; ஓடைக்கரையில் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டு, வழிந்துவரும் மண்ணையும் உரத்தையும் அது தடுத்து நிறுத்தச் செய்தல்; தெளிப்பான்களை ஓடையில் கழுவாதிருத்தல்; குடிநீருக்குப் பதிலாகச் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுதல். சண்டிகர் நகரின் கோல்ஃப் மைதானத்துக்கு அத்தகைய நீர் வழங்கப்படுகின்றது. ஆட்டம் நடைபெறாத ஓரங்களில் அந்நிய மரங்களையும் களைகளையும் நீக்கி, உள்நாட்டுப் புல் மீண்டும் தழைக்க இடங்கொடுப்பதும் இதில் அடங்கும். நீலகிரியைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வழி பெருநன்மை தரவல்லது. நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டடமோ தேயிலையோ ஏறாத பெரிய திறந்தவெளிகள் இங்கே எத்தனை எஞ்சியிருக்கின்றன? அவற்றின் ஓரங்களிலேனும் நெட்டைக்காலிக்கு வீடு திரும்பக் கிடைத்தால் அது சிறு கைம்மாறாகாதோ?

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவே இந்த ஆய்வின் நடுப்பொருள் என்று கருதுகின்றோம். உதகையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து புல் கருகும். மாசி, பங்குனியில் வறட்சி வந்து வெளிகள் பழுத்துவிடும். அது மலையின் இயல்பு. அந்தப் பழுப்பைப் பொறுத்துக்கொள்ள மனம் இருக்கின்றதா என்பதே பராமரிப்பவருக்கும் ஆடுபவருக்கும் உரிய அறச்சோதனை. கோல்ஃபின் தாயகமான பிரித்தானியாவிலேயே, 2006-ஆம் ஆண்டின் பெருமைமிகு ஓப்பன் போட்டி ஹாய்லேக் என்னுமிடத்தில் காய்ந்து பழுத்த தரையில் நடந்தது. ஆட்டத்தின் மதிப்பு குறைந்ததாக எவரும் கூறவில்லை. அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் மைதானம் ஏறத்தாழ 40 ஏக்கர் பாசனப் புல்லை நீக்கிவிட்டு மணலையும் காட்டுப் புல்லையும் திரும்பக் கொணர்ந்தது. 2014-இல் அந்நாட்டின் தலைசிறந்த போட்டி அங்கே நடைபெற்றது. அப்படியிருக்க, எந்நாளும் ஒரே பச்சையாய் இருக்க வேண்டும் என்னும் ஆசை எங்கிருந்து வந்தது? வண்ணத் தொலைக்காட்சியில் கண்ட அகஸ்டா மைதானத்திலிருந்து வந்ததென்று அத்துறையினரே சொல்லுகின்றார்கள். அப்படியானால் நாம் நீரூற்றி வளர்ப்பது புல்லையா, ஒரு படத்தையா?

இங்கே ஒரு மறுப்பு எழும். 'நிலமும் நீரும் சிலருடைய பொழுதுபோக்குக்கு எதற்கு? எவ்வளவு நன்றாய்ப் பேணினாலும் அது அநீதிதானே?' இக்கேள்வியை ஒதுக்கிவிட நம்மால் இயலாது. தமிழகம் அண்மையில் இதை நேராகவே சந்தித்தது. 2024-இல் உதகைக் குதிரைப்பந்தயத் திடலின் ஐம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் குத்தகைப் பாக்கி காரணமாக அரசு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில், நடுவே கோல்ஃப் ஆடுகளமும் அமைந்திருந்த சென்னைக் கிண்டிப் பந்தயத் திடலின் நிலமும் மீட்கப்பட்டது. சுற்றுப்புறத்தின் வெள்ளத்தைத் தாங்குவதற்காக அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. சிலர் ஆடிய இடம் பலருடைய வெள்ளத்துக்கு வடிகாலாயிற்று. பொதுநிலத்தை அனுபவிக்கின்றவர் அதன் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளரே என்பதை இந்நிகழ்ச்சிகள் நினைவூட்டுகின்றன. பொறுப்பாளரிடம் என்றேனும் ஒருநாள் கணக்குக் கேட்கப்படும் என்பது நற்செய்தி உவமைகளைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிய செய்தியன்று.

ஆனால் எல்லா விளையாட்டையும் வீண் என்று தள்ளிவிடுவதும் சரியாகாது. மனிதன் உழைப்பதற்கு மட்டும் படைக்கப்படவில்லை. திறந்தவெளியில் நடப்பதும் ஆடுவதும் அவனுக்கு வேண்டும். அந்தத் திறந்தவெளி மூடப்பட்டால் அவ்விடத்தில் எழுவது காடாக இராது, தங்கும் விடுதியாக இருக்கும் என்பதையும் நீலகிரியில் வாழும் நாம் அறிவோம். எனவே மைதானத்தை ஏற்பதற்கு ஒரு நிபந்தனை வைப்போம்: கணக்கு வெளிப்படையாய் இருக்க வேண்டும். எவ்வளவு நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த மருந்து எவ்வளவு தெளிக்கப்பட்டது, ஓடை நீர் சோதிக்கப்பட்டதா என்பவற்றை ஓடையின் கீழே குடியிருப்பவர் கேட்டால் காட்டக்கூடிய ஏடு ஒன்று வேண்டும். தெளிப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் தரப்பட்டனவா என்பதும் அந்த ஏட்டில் இடம்பெற வேண்டும். அவ்வேட்டைக் காட்ட அஞ்சுகின்ற இடத்தில் புல் எவ்வளவு அழகாய் இருந்தாலும் அந்த அழகு கடன் வாங்கியது.

இவ்வளவும் எழுதிய பின்னர் நம் சன்னல் வழியே பார்க்கின்றோம். எதிரே தேயிலை. அதுவும் வெட்டிச் சீராக்கிய பச்சைக் கம்பளந்தான். அதற்கும் களைக்கொல்லி உண்டு, பூச்சி மருந்து உண்டு. அதன் அடியிலும் ஓடை ஓடுகின்றது. அந்தத் தெளிப்பானை முதுகில் சுமப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நம்மோடு ஒரே இருக்கையில் அமர்பவர்கள். அண்டை மாவட்டமாம் வயநாட்டுக்கு வடக்கே, காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் எண்டோசல்பான் தெளித்தவர்களும் பயிரைக் காப்பதாகத்தான் எண்ணினார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தபோது, ஒரு தலைமுறைக் குழந்தைகளின் உடலில் அதன் விலை எழுதப்பட்டுவிட்டிருந்தது. கோல்ஃப் ஆடுபவரைக் குறை சொல்ல நாம் நீட்டிய விரல், நம்மிடையே அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயியையும், ஆலய வளாகத்துப் பூச்செடிக்குக் கோடையிலும் குழாய் நீரைத் திறந்துவிடும் நம்மையும் சுட்டாமல் விடுமா?

தூய குடிநீர் ஒவ்வொரு மனிதருக்கும் உரிய அடிப்படை உரிமை என்பதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அதைக் கேட்டபோது நாம் தலையசைத்தோம். அந்த உரிமை நம் சரிவின் கீழேயுள்ள அண்டைவீட்டாருக்கும் உரியது என்று எத்தனை பேர் எண்ணிப்பார்த்தோம்?

மனம் வைத்தால் மாற இயலும் என்பதற்கும் நம் மாவட்டமே சான்று. இருபதாண்டுகளுக்கு முன்னரே, நாட்டின் பிற பகுதிகள் விழிக்குமுன், நீலகிரி பிளாஸ்டிக் பைகளை விலக்க முன்வந்தது. கடைக்காரரும் தாய்மாரும் முதலில் முணுமுணுத்தார்கள். பின்னர் துணிப்பையை எடுத்துக்கொண்டார்கள். குறை இன்றும் உண்டு. ஆயினும் மலைக்கு ஏறும் பயணியிடம் சோதனைச்சாவடியில் கேள்வி கேட்கும் துணிவு அன்று பிறந்ததுதான்.

இளைஞருக்கு நாம் சொன்ன விடையைச் சொல்லி முடிக்கின்றோம். "தம்பி, நீ கேட்ட கேள்வியே நீ தவறு செய்ய விரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. வேலையை விட்டுவிடு என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. உன் வீட்டு அடுப்பை நாங்கள் எரிப்பதில்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள். எந்த நாள், எந்த மருந்து, எவ்வளவு, மறுநாள் மழை பெய்ததா என்று எழுதி வை. மேகம் கறுத்திருக்கும் நாளில், இன்று வேண்டாமே என்று மேலாளரிடம் மரியாதையாகச் சொல். அவர் கேட்கவில்லை என்றால் அதையும் எழுதி வை."

அவர் சிரித்தார். "எழுதினால் என்ன ஆகும், ஐயா?" என்றார். என்ன ஆகும் என்று நமக்கும் உறுதியாய்த் தெரியாது. ஆனால் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இம்மலையைக் குடைந்தவர்களுள் ஒருவரேனும், கீழே தண்ணீர் எடுப்பவரை நினைத்து அப்படி ஓர் ஏடு எழுதியிருந்தால், தேவாலாவின் புதர்களுக்கு அடியில் இன்று எது கிடக்கின்றது என்று நாம் அறிந்திருப்போம்.

சென்ற மாதம் அவர் மீண்டும் வந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த சிறு நோட்டை எடுத்துக் காட்டினார். நான்கு பக்கங்கள் நிறைந்திருந்தன. நாம் நம் தோட்டத்துக்காக இன்னும் ஒரு நோட்டு வாங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.